எத்திராஜ் படுக்க வைத்த குதிரை

நெட்டுக்குப்பம் எத்திராஜ் எந்தப் போரிலும் கலந்துகொண்டவர் அல்லர். போர் நடந்த ஊர் எதற்கும் போனவரும் அல்லர். குதிரை மேல் ஒரே ஒரு முறை ஏறி, ஏறிய வேகத்திலேயே மறுபக்கமாக இறங்கியவர். ஆயினும், போர்க்குதிரைகளை ஓவியர்களும் சிற்பிகளும் எப்படியெல்லாம் காட்டியிருக்கிறார்கள் என்ற துறையில் எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் நடுவே அவரை விஞ்ச ஆளில்லை. அந்தத் துறையில் வேறு யாரும் இறங்கவில்லை என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக அவர் பெருமையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

தொழில் முறையில் அவர் ஓவியர் இல்லை. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற உடம்போடு வளர்ந்து, இருபத்தைந்து வயதில் மணலி ரோட்டில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் பெயிண்டராகச் சேர்ந்தார். உலகம் சுற்றி அடிபட்டு வருகிற கன்டெய்னர்களின் நெளிவை ஒருவர் தட்டி எடுப்பார், ஓட்டையை இன்னொருவர் பற்ற வைப்பார், அதன் மேல் எத்திராஜ் வர்ணம் அடித்து நம்பர் எழுதுவார். நாலு ஆங்கில எழுத்து, ஏழு எண். இருபத்திரண்டு வருடமாக இதுதான். அவருடைய கையெழுத்து போகாத துறைமுகம் பூமியில் இல்லை. ஆனால் அவரை எழுத்தாளர் என்று எந்தச் சங்கமும் அழைத்துப் பொன்னாடை போர்த்தவில்லை.

குதிரைகள் அவரிடம் வந்ததும் கன்டெய்னர் வழியாகத்தான்.

ஒரு மத்தியானம், எங்கிருந்தோ வந்த காலிப் பெட்டி ஒன்றின் உள்ளே நுழைந்தார். கதவு இடுக்கு வழியே விழுந்த வெயிலில் உள்சுவர் மட்டும் பொன்னாக இருந்தது. அதில் யாரோ ஒட்டிவிட்டுப் போன காலண்டர் தாள். மொழி தெரியவில்லை. படம் தெரிந்தது. மலை உச்சியில் ஒரு வெள்ளைக் குதிரை பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. மேலே சிவப்புச் சால்வை பறக்க ஒரு ராஜா, எங்கேயோ கையைக் காட்டுகிறார். எத்திராஜ் ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாளர் எபினேசர் வந்து எட்டிப் பார்த்து, உள்ளே பெயிண்ட் நெடியில் ஆள் மயங்கிவிட்டதாக நினைத்துச் சோடா வாங்கி வரச் சொன்னார். மயக்கம்தான், ஆனால் நெடியால் அல்ல.

அந்தத் தாளைப் பக்குவமாக உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி மங்கை மீன் வியாபாரம் செய்பவர். விடியலுக்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் ஏலம் எடுத்து, பத்து மணி வரை கூவி விற்று வருபவர். எதற்கும் எளிதில் வியப்படையாத பெண்மணி.

"மங்க, இத்தப் பாரேன். ராஜா மூஞ்சி எப்டி கீது?"

"ஆதார் கார்டுல நீ கீற மாதிரி கீது."

"குதிர மூஞ்சி?"

மங்கை கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். குதிரையின் கண் பிதுங்கி வெள்ளை தெரிந்தது. வாய் கடிவாளத்தைக் கடித்துக் கோணியிருந்தது.

"ஆதார் ஆபீசு கியூவுல நின்ன மாதிரி கீது."

"அதான்! ராஜாவுக்கும் அந்த மலைல பயம் இருந்திருக்கும் இல்ல? ஆனா கூலி குடுக்கறவன் மூஞ்சில பயத்த வெச்சா பெயிண்டர் கத கந்தலு. அதனால ராஜா பயத்தயும் சேத்து குதிர மூஞ்சில ஊத்திட்டான்."

"நல்லா கண்டுபிடிச்ச போ. கொழம்பு ஆறிக்கினு கீது."

கலை விமர்சன வரலாற்றில் முக்கியமான இந்தக் கோட்பாடு இவ்வாறாக வஞ்சிரக் குழம்புக்கு முன்னால் அறிவிக்கப்பட்டது. பிற்பாடு செல்போனில் தேடியபோது, அந்த ராஜா மெய்யாகவே மலையைக் கடந்தது கோவேறு கழுதை மேல் என்று தெரியவந்தது. எத்திராஜ் தாளை எடுத்து மறுபடியும் உற்றுப் பார்த்தார். பயமும் குதிரையுடையதில்லை, குதிரையும் அங்கே இல்லை. அப்படியென்றால் படத்தில் ராஜாவின் சால்வையைத் தவிர உண்மையானது என்னதான் இருக்கிறது?

அன்றிலிருந்து சேகரிக்கத் தொடங்கினார். போனில் 'குதிரை' என்று ஒரு பகுதி உண்டாகி, ஆயிரத்து நூற்றெண்பத்து நாலு படங்களாக வளர்ந்தது. மங்கையின் படம் அதே போனில் எத்தனை என்று ஒருநாள் விசாரணை நடந்தது. இரண்டு. அதில் ஒன்றில் பின்னால் ஒரு குதிரை வண்டி இருந்தது.

படம் போதாமல் நேரிலும் போனார். ஸ்ரீரங்கத்துக்குச் சுற்றுலா பஸ்ஸில் குடும்பத்தோடு போனவர், பெருமாளை விட்டுவிட்டுக் குதிரைத் தூண்களிடம் தங்கிவிட்டார். ஒரே கல்லில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, கீழே சண்டை நடக்க, மேலே வீரன் ஈட்டியோடு இருக்க, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் குதிரைகள். நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கின்றன. அவற்றின் கால் மரத்துப்போயிருக்குமே என்று அவருக்குக் கவலையாகிவிட்டது. எழும்பூர் மியூசியத்தில் நடுகற்களைப் பார்த்தார். போரில் விழுந்த வீரனை இரண்டு பக்கமும் தேவப்பெண்கள் கைபிடித்து மேலே கூட்டிப் போகிறார்கள். கூடவே விழுந்த குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லை. கூடவே வேலை செய்யும் வெல்டர் பிராங்கிளின் வீட்டில், போர்க்களத்தின் மேல் மேகத்தில் வெள்ளைக் குதிரை ஏறி வரும் புனித சந்தியாகப்பர் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"ஒங்க குதிர மட்டும் பயப்படலியே பிராங்கி?"

"அது மேலேர்ந்து வர்ற குதிர மாமு. கீழ இன்னா நடக்குதுன்னு அதுக்கு இன்னும் தெரியாது."

வெளிநாட்டு ஓவியர் ஒருவர் கறுப்பு வெள்ளையில் சுவரளவு வரைந்த படத்தில், குதிரை வாயைப் பிளந்து கத்துகிறது. நாக்கு உளி முனை மாதிரி கூராக இருக்கிறது. அந்தப் படத்தில் ராஜாவே இல்லை என்பதை எத்திராஜ் கவனித்தார். வாய்விட்டுக் கத்த அதுதான் வசதி போலும். இன்னொன்று, முதல் உலகப் போர்க் காலத்துப் படம். நடுரோட்டில் குதிரை சாய்ந்து கிடக்க, ஒரு சிப்பாய் அதன் தலையை மடியில் ஏந்திக்கொண்டிருக்கிறான். தூரத்தில் குண்டு வெடிக்கிறது. மங்கை அதிக நேரம் பார்த்தது அந்தப் படத்தைத்தான். பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தார். போய் அரிவாள்மனை முன் உட்கார்ந்தார்.

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகு எத்திராஜ் கண்ட முடிவு மிக எளிமையானது. மேலேயிருந்து வருகிற குதிரையை விட்டுவிட்டால், போர்ப் படங்களில் குதிரை இரண்டே விதம். நின்றால் பயந்துகொண்டு நிற்கும். படுத்தால் செத்துப்போய்ப் படுத்திருக்கும். மூன்றாவது விதம் கிடையாது.

ஏன் கிடையாது? யார்டில் ஒரு மணிக்குச் சங்கு ஊதினால், தட்டுகிறவர், பற்ற வைக்கிறவர், தூக்குகிறவர் எல்லோரும் சோற்றை முடித்துவிட்டு டிரெய்லருக்கு அடியிலும் பெட்டிகளின் நிழலிலும் அப்படியப்படியே சாய்ந்துவிடுவார்கள். பெட்டிகளும் அவர்களோடு சேர்ந்து மூச்சு விடுவது போலிருக்கும். மணலிப் புகைபோக்கிகளின் புகை மேகமாக மாறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வானத்தில் தொங்கும். பெட்டிகளைச் சோதிக்கப் புதிதாக வந்த சர்வேயர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்துப் பதறி, ஏதோ வாயு கசிந்துவிட்டதென்று வாயைப் பொத்திக்கொண்டு கேட் வரை ஓடியதுண்டு. மனிதனுக்கே ஒரு மணிச் சங்கு இருக்கும்போது, போர்க்களத்தில் குதிரைக்கு மட்டும் இருந்திருக்காதா? ராஜா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரே ஒரு குதிரை, உலகத்தில் ஒரே ஒரு குதிரை, படுத்துத் தூங்கியிருக்காதா?

அந்தக் குதிரையை வரைய வேண்டும். பார்க்கிறவன் அது தூங்குகிறது என்று தானாகச் சொல்ல வேண்டும். எத்திராஜின் வாழ்க்கை லட்சியம் இவ்வளவுதான். வீடு கட்டுவது, கார் வாங்குவது போன்ற சுலபமான லட்சியங்கள் அவருக்கு வாய்க்கவில்லை.

மாதிரிக்கு ஒரு குதிரை வேண்டுமே. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் சௌக்கத் அலி இருந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். குதிரையின் பெயர் கலெக்டர். பெயருக்கேற்ற நடை, பெயருக்கேற்ற அலட்சியம்.

"கலெக்டர் எப்ப பாய் படுக்கும்?"

"படுக்காது மாமு. நின்னுக்கினே தூங்கிடும். குதிரன்னா அப்டிதான். எப்பயாச்சும் ஒரு தபா, கொஞ்ச நேரம் படுக்கும். அதுக்கு நம்பிக்க வரணும். இந்த எடத்துல எவனும் நம்மள ஒண்ணும் பண்ண மாட்டான்னு."

"எத்தினி நாளாவும்?"

"எனுக்கு ஒரு வருசம் ஆச்சி. நான் அதுக்குப் புல்லு போடறவன்."

எத்திராஜ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை அந்த லாயத்துக்கு எழுதி வைத்தார். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருப்பார். லாயத்துச் சுவரில், போரில் எஜமானை இழந்து திரும்பிய முஹர்ரம் குதிரையின் படம் ஒன்று. மேலே ஆளில்லை, உடம்பெல்லாம் அம்பு, தலை தாழ்ந்திருக்கிறது. தரையில் நிற்கிற குதிரைகளில் அது ஒன்றுதான் பயத்தைக் காட்டவில்லை, துக்கத்தைக் காட்டுகிறது என்று சௌக்கத் அலியிடம் சொன்னார். கலெக்டர் நின்றபடியே கண்ணை மூடும். எத்திராஜ் தும்மினால் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பும். ரயில் போகும். கடல் காற்று சாணியையும் உப்பையும் கலந்து கொண்டுவரும்.

பதினோராவது ஞாயிறு அது நடந்தது. கலெக்டர் ஒரு முறை தன்னைச் சுற்றி வந்தது. முன்னங்கால்களை மடித்தது, பிறகு பின்னங்கால்களை. துறைமுகக் கிரேன் ஒன்று தன் கையைத் தானே மடித்து வைப்பது போல. கழுத்து நீண்டு வைக்கோல் மேல் சாய்ந்தது. ஒரு பெருமூச்சு. உதடு துடித்தது. கொஞ்ச நேரத்தில் கால்கள் தரையில்லாத இடத்தில் மெல்ல ஓட ஆரம்பித்தன. எங்கே ஓடுகிறதோ. யாருடைய கல்யாணமோ. எத்திராஜ் படம் எடுக்கவில்லை. எடுத்தால் போன் சத்தம் போடும். அவர் அசையாமல் இருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்தபோது அவர் கால்தான் மரத்துப்போயிருந்தது.

இனி சுவர் வேண்டும். அது சுயம்பு அண்ணாச்சி ரூபத்தில் வந்தது.

சுயம்பு அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக்காரர். திருவொற்றியூரில் மொத்த மளிகை வியாபாரம். குடோனுக்கு என்று பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கியவர், அதன் கதவின் மூலையில் எத்திராஜ் கை பழக வரைந்திருந்த உள்ளங்கை அளவு குதிரை ஒன்றைப் பார்த்து ஆளைத் தேடி வந்தார். மனைவி செல்லக்கனி பெயரில் கல்யாண மண்டபம் கட்டி முடித்திருந்தார். சாப்பாட்டு ஹாலின் நீளச் சுவர் காலியாக இருந்தது. வடநாட்டுச் சுற்றுலாவில் ஏதோ அரண்மனை ஓட்டலில் ஒரு போர்க்காட்சியைப் பார்த்திருந்தார்.

"அதே மாதிரி நம்ம சொவத்துல வேணும்வே எத்திராசு. யானை, குதிர, ராஜா, கொடி, எல்லாம்."

"சாப்பாட்டு ஹாலுக்கு எதுக்கு அண்ணாச்சி சண்ட?"

"என்ன இப்படிக் கேக்கீரு? மொதப் பந்தியில எடம் பிடிக்கதப் பாத்ததில்லையா? அதவிடப் பெரிய போர் எங்கன நடக்கு?"

எத்திராஜ் யார்டில் லீவு சொல்லிவிட்டு மூன்று வாரம் வரைந்தார். இடது பக்கம் ஒரு படை, வலது பக்கம் ஒரு படை. யானைகள், ஈட்டிகள், முரசு அடிப்பவர்கள், நடுவில் பட்டத்து ராஜா. எல்லாவற்றுக்கும் முன்னால், தரையை ஒட்டி, ஆளை விட நீளமாக, அந்தக் குதிரை. சேணம் கழன்று பக்கத்தில் கிடக்க, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி. அதைத் தீட்டிய நாலு நாளும் அவர் எடுத்துக்கொண்டு போன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

அண்ணாச்சி வந்து பார்த்தார். இடமிருந்து வலம் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கீழே பார்த்தார். மலர்ந்தது நின்றது.

"என்னவே இது? குதிர செத்துல்லா கெடக்கு!"

"சாவல அண்ணாச்சி. தூங்குது."

"சண்ட நடக்க எடத்துல எந்தக் குதிரைவே தூங்கும்? அடுத்த வெள்ளிக்கெழம என் தங்கச்சி மவ கல்யாணம். மண்டபத்துல மொதக் கல்யாணம். இங்கன எழவ வரஞ்சி வச்சிருக்கீரு! எந்திரிச்சி நிக்க வையும்."

"ஒரு வாரம் டைம் குடுங்க அண்ணாச்சி. தூங்குதுன்னு தெரியற மாதிரி பண்ணிடறேன். பண்ணலன்னா நீங்க வெள்ள அடிச்சிடுங்க."

"வியாழக்கெழமக் காலையில வருவேன். வெள்ளை அடிக்க ஆளோட வருவேன்."

எத்திராஜ் திருத்தங்களில் இறங்கினார். இந்த ஒரு வாரத்தில் அவர் செய்த ஒவ்வொரு முயற்சியும் மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்த எலக்ட்ரீசியன், டைல்ஸ் போடுகிறவர், வாட்ச்மேன் டில்லிபாபு ஆகியோர் கொண்ட நிபுணர் குழுவால் உடனுக்குடன் பரிசீலிக்கப்பட்டது. உயிர் இருப்பது தெரிய, காது மேல் ஒரு ஈ வரைந்தார். ஈ மொய்ப்பதால் மரணம் உறுதி என்றார்கள். மூச்சு விடுவது தெரிய வயிற்றைக் கொஞ்சம் உயர்த்தினார். செத்து இரண்டு நாள் ஆகி உப்பிவிட்டது என்றார்கள். ஆழ்ந்த தூக்கம் தெரிய வாயோரம் எச்சில் வடித்தார். நுரை தள்ளியிருக்கிறது, பாம்பு கடித்திருக்கும் என்றார் டில்லிபாபு. கனவில் ஓடுவது தெரிய ஒரு காலை மடக்கினார். அப்போதுதான் குழு முதன்முறையாக இரண்டாகப் பிளந்தது. ஒரு சாரார் செத்துவிட்டது என்றும், மறு சாரார் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எத்திராஜ் வந்தபோது குதிரையின் கழுத்துக்கு நேராகச் சுவரில் ஆணி அடித்து ரோஜா மாலை தொங்கியது. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கீழே ஊதுவத்தி புகைந்தது.

"இன்னா டில்லி இது?"

வாட்ச்மேன் கைகட்டி நின்றார். "மன்ச்சிக்க நைனா. நைட்டெல்லாம் அது மூஞ்சிய பாத்துக்கினே ஒக்காந்துகினு கீறேன். ஒண்டியா, மாலகூட இல்லாம கெடக்குது. பேஜாரா ஆயிடுச்சி."

அதோடு முடியவில்லை. பத்து மணிக்கு டில்லிபாபுவின் தோஸ்துகள் நாலு பேர் மேளத்தோடு வந்துவிட்டார்கள். சாவு என்றால் மேளம் இல்லாமல் அனுப்புவது அந்தத் தெருவுக்கே அவமானம். அது யானை என்றாலும் குதிரை என்றாலும் முறை ஒன்றுதான். டைல்ஸ் போடுகிறவர் வேலையை விட்டுவிட்டு ஆடினார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் யார் போய்விட்டார்கள் என்று விசாரிக்க வந்து, சுவரைப் பார்த்துவிட்டு, வந்ததற்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எத்திராஜ் ஏணிப்படியில் அமர்ந்து இந்த மரியாதைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தம் குதிரைக்கு இவ்வளவு பெரிய வரவேற்பு கிடைக்குமென்று அவர் நினைத்ததில்லை. ஒரே குறை, அது செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மங்கை முறுக்கிய புடவை முந்தானையைத் தளர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேளம் அடிச்சாங்களாமே? பஜார்ல பேசிக்கினாங்க. சோக்கா அடிச்சாங்களா?"

"நீயும் கிண்டல் பண்ணு."

"கிண்டல் இல்லய்யா. செத்துட்ச்சின்னு நெனச்சாங்க, அடிச்சாங்க. செத்தவங்க கிட்டதான நம்ம சத்தம் போடுவோம்? சரி, நான் யாவாரம் முட்ச்சிட்டு வந்து மதியானம் படுத்துக்கினா நீ இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்? கதவாண்டயே செருப்ப கைல எடுத்துக்குவேன். குக்கர் விசில எடுத்துருவேன். ஒன்ன எழுப்பிட்டு எவன் வாங்கிக் கட்டிக்கறது?"

"நான் தூங்கறேன்னு என் மூஞ்சில எழுதிக் கீதா?"

"இல்ல."

"எங்க எழுதிக் கீது?"

எத்திராஜ் மங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு தம் கையைப் பார்த்தார். செருப்பைத் தூக்கிக்கொண்டு முனைவிரலில் நடக்கும் ஒரு ஆளை, பல வருடமாகத் தம் வீட்டுக்குள்ளேயே நடமாடும் அந்த ஆளை, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தது போலிருந்தது. எழுந்துவிட்டார்.

"துன்னுட்டுப் போய்யா."

"மங்க, ஒனக்கு இந்த வேல எப்டித் தெரியும்?"

"நான் ஒண்ணும் வரையல. எனக்குத் தூக்கம்தான் வருது. போம்போது கதவ மெதுவா சாத்து."

புதன்கிழமை அவர் குதிரையில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஈயை அழித்தார், எச்சிலை அழித்தார், வயிற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார், மடக்கிய காலை நீட்டினார், மாலையைக் கழற்றிவிட்டு, காசை எடுத்து டில்லிபாபுவிடம் கொடுத்தார். அதோடு சரி. பிறகு ஏணியை நகர்த்திப் போருக்குள் ஏறியவர், மறுநாள் விடியும் வரை இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சுயம்பு அண்ணாச்சி வந்தார். அவர் வருவது அவருக்கு முன்னால் வரும். வாசலில் பந்தல்காரரை ஒரு சத்தம், மாவிலை கட்டுகிறவரை ஒரு சத்தம், வாழைத்தார் இறக்குகிறவரை ஒரு சத்தம். பின்னால் வெள்ளை அடிக்கும் தகர டப்பாவும் மட்டையுமாக ஒருவர்.

"எத்திராசு! எங்கன இருக்கீரு? ஏய், டப்பாவ எடுத்துட்டு இங்க..."

உள்ளே வந்து சுவரைப் பார்த்தார்.

இடது படை நின்றிருந்தது. வலது படையும் நின்றிருந்தது. ஓங்கிய ஈட்டிகள் மெல்லத் தாழ்ந்திருந்தன. முரசு அடிப்பவன் ஓங்கிய குச்சியை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முரசின் தோலைப் பொத்திக்கொண்டிருந்தான். யானை ஒரு காலைத் தூக்கியிருந்தது, அதை எங்கே வைத்தால் சத்தம் வராது என்று தரையைத் தேடிக்கொண்டிருந்தது. பாகன் அதன் மணியின் நாக்கைக் கைக்குள் இறுக்கியிருந்தான். எதிரி ஒருவன் தும்மப் போக, அவன் மூக்கை இந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் பொத்தியிருந்தான். இரண்டு பேரும் சற்று முன்வரை வெட்டிக்கொண்டவர்கள் என்பது அவர்கள் காயங்களில் தெரிந்தது. நடுவில் பட்டத்து ராஜா. கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, பாதரட்சைகளைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முனைவிரலில் நடந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. எங்கே எழுந்துவிடுமோ என்ற பயம். ஆயிரத்து நூற்றெண்பத்து நாலு படங்களில் எந்த ராஜாவுக்கும் யாரும் கொடுக்காத முகம்.

எல்லோருக்கும் முன்னால், தரையை ஒட்டி, குதிரை. முதலில் எப்படி வரையப்பட்டதோ அப்படியே. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி.

எத்திராஜ் ஓரமாக நின்றிருந்தார். கையில் பிரஷ். தூங்குகிறது என்று தாமே சொன்னால் அது தோல்வி என்று நினைத்தார். அண்ணாச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியின் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அலறியது. அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் பையை அமுக்கி, போனை வெளியே எடுத்து, தப்பான பொத்தானை அழுத்தி, சரியான பொத்தானை அழுத்தி, அணைத்தார். அணைத்துவிட்டு முதலில் குதிரையைத்தான் பார்த்தார்.

பின்னால் வெள்ளை அடிப்பவர் தகர டப்பாவைத் தரையில் வைக்கப் போனார். அண்ணாச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மெதுவா வைடே," என்றார், மூச்சுக் காற்றளவு சத்தத்தில்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முப்பது வருடமாக மளிகை விற்கும் சுயம்பு அண்ணாச்சியை அப்படிப் பேசி எவரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை. அவர் முனைவிரலில் எத்திராஜிடம் வந்தார். காதருகே குனிந்தார்.

"எப்பம் எந்திரிக்கும்வே?"

"தெர்ல அண்ணாச்சி," என்று எத்திராஜும் அதே அளவில் சொன்னார். "ரொம்ப நாளா தூங்கலபோல."

அண்ணாச்சி தலையாட்டினார். வெள்ளை அடிப்பவரின் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினார். இருவரும் டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஓசைப்படாமல் வெளியேறினார்கள். பந்தலில் நாகஸ்வரக்காரர்கள் மறுநாளுக்காக ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு வரி வாசித்ததும், வெளியிலிருந்து யாரோ ஏதோ சொன்னது போல, அதுவும் நின்றது.

எத்திராஜ் பிரஷ்ஷை அலம்பிவிட்டு மண்ணெண்ணெய் டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் திருகினார். செருப்பைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டார்.